லேபிள் ஒட்டாத தோட்டா

சிரிக்காத கார்லண்ட். இதுல சிரிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு? துப்பாக்கிக் குழாய்க்குள்ள குண்டு சிக்கிக் கெடக்கு, அத வண்டியில போட்டுக்கிட்டு, என்னமோ டயர் பஞ்சருன்னு வந்தவன் மாதிரி பல்லக் காட்டிக்கிட்டு நிக்குற. என் வீட்டுக்காரரு வெர்லின் இப்ப வீட்டுல இல்ல. முடி வெட்டிக்கப் போயிருக்காரு, அவரு தம்பி டாயில் கூட்டிட்டுப் போயிருக்கான். அவங்க திரும்பி வர்றதுக்குள்ள இந்த வேலைய முடிச்சாகணும். கராஜ் கதவ இறக்கு. சைலன்சரக் கழட்டு. துப்பாக்கிய அந்த மேசை இடுக்கியில வை. மெதுவா! துணியச் சுத்தி வைய்யா, அது என்ன வேலி கம்பமா?

உள்ள வேற தோட்டா இல்லையே? நீ சொன்னா நான் நம்பமாட்டேன். தள்ளு, நானே தெறந்து பாக்குறேன். ம், காலி. இப்பச் சொல்லு. போன்ல உளறுனியே அப்படி இல்ல, ஒழுங்கா மொதல்லேருந்து சொல்லு.

சரி, சுடுற மைதானத்துல அட்டையக் குறி வச்சு சுட்ட. சத்தமே வரல. சத்தம் வரலைன்னதும், ஆஹா, வெர்லின் கையால மருந்து ஊத்திப் போட்ட தோட்டான்னா தோட்டாதான்னு பூரிச்சுப் போயிட்ட. அப்புறம் பாத்தா அட்டையில ஓட்டை இல்ல. கண்ணுதான் மங்கிப்போச்சுன்னு நெனச்சு, லீவரத் தள்ளி அடுத்தத ஏத்திட்ட. அடப்பாவி! பள்ளிக்கூடம் படிக்கிறப்பலேருந்து துப்பாக்கி புடிக்கிறவன் பண்ணுற காரியமா இது? அட்டையில ஓட்டை இல்லேன்னா குண்டு எங்க போச்சு, வானத்துக்குப் பறந்துச்சா? பக்கத்து மேசையில ஓப்பல் இல்லேன்னா, அவ எட்டி உன் மணிக்கட்டப் புடிக்கலேன்னா, அடுத்த குண்டு போயி இது மேல மோதி, குழாய் வாழப்பழத் தோலு மாதிரி உரிஞ்சிருக்கும். உன் இடது கை எங்க இருந்திருக்கும்? அதுக்கு மேலதான? உன் மூஞ்சி? உருளைக்கெழங்கும் சீஸும் போட்டு ஒரு தட்டு வேகவச்சு எடுத்துக்கிட்டு உன் பொண்டாட்டி முன்னாடி நான் போயி நின்னிருக்கணுமா? வாண்டா, சாப்புடும்மா, புருஷன் போயிட்டான் சரி, ஒரு வாய் சாப்புடும்மான்னு?

ஓப்பல் உன் கையப் புடிச்சது போதாது. ஒரு அறை விட்டிருக்கணும்.

இந்தா, இந்தப் பித்தளக் கம்பியக் குழாய்க்குள்ள விட்டு நேராப் புடி. எண்ணெ விட்டிருக்கேன், ஊறட்டும். ஆடாத.

நம்ம ஊருல ரெண்டு விஷயம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒன்னு, லேபிள் இல்லாத தோட்டாவ எவனும் துப்பாக்கியில போடமாட்டான். வெர்லின் போடுற ஒவ்வொரு பெட்டியிலயும் என்ன வெடிமருந்து, எவ்வளவு, என்னைக்குப் போட்டதுன்னு என் கையெழுத்துல ஒரு லேபிள் இருக்கும். நாப்பது வருஷமா எழுதுறேன். நீ கொண்டு வந்திருக்குறது என்ன? ரொட்டி வாங்குன பிளாஸ்டிக் பையி! ரொட்டித் தூளு இன்னும் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு!

ரெண்டாவது, அந்தக் கதவுப் புடியில ஆரஞ்சுத் தொப்பி தொங்குனா யாரும் உள்ள வரக்கூடாது. மருந்து ஊத்துற மனுசங்கிட்டப் பேச்சுக் குடுக்கக்கூடாது. பாஸ்டர் வந்தப்பவே வாசல்ல நிக்க வச்சேன் நான். மழ வேற. அவரே குடையப் புடிச்சுக்கிட்டுப் பேசாம நின்னாரு. நீ என்ன, பாஸ்டரவிடப் பெரியவனா? வியாழக்கிழம நான் சர்ச்சுல பொம்பளைங்களோட போர்வை தைச்சுக்கிட்டிருக்கேன், நீ இங்க கதவத் தெறந்துக்கிட்டு உள்ள வந்து, உன் முட்டி ஆப்பரேஷன் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்க. அவரு ஊத்திக்கிட்டிருக்குறத விட்டுட்டு உன் மூஞ்சியப் பாத்திருப்பாரு. அந்த நேரத்துல ஒரு தோட்டாக் கூட்டுக்குள்ள மருந்து விழாமப் போச்சு. மருந்து இல்லேன்னா அடியில இருக்குற பொட்டு வெடி குண்டப் பாதி வழிக்குத்தான் தள்ளும். அதுதான் இது. உன் வாயிதான்யா உன் குழாய்க்குள்ள போயி அடச்சுக்கிட்டு கெடக்கு.

வாய மூடு. நான் இன்னும் முடிக்கல. தட்டுறேன், புடி.

உனக்கு என்ன தெரியும் அவரு பட்ட பாடு? மரம் அறுக்குற மில்லுல முப்பது வருஷம் நின்னு எடது காது போச்சு. சத்தம்னாலே ஆகாது அவருக்கு. இந்த ரைபிளுக்குக் கைத்துப்பாக்கித் தோட்டாவ எடுத்து, மருந்தக் கொறச்சு, கனமான குண்டாப் போட்டுப் போட்டுப் பாத்தாரு. குண்டு சத்தத்தவிட மெதுவாப் போவணும், அப்பதான் அந்தப் படார்ங்குற சத்தம் வராது. ரொம்ப மெதுவாப் போனா குழாயிலேயே நின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல இத்துனூண்டு எடம் இருக்கு. அந்த எடத்துலதான் அவரு குடியிருந்தாரு. இங்க டிக்குன்னு துப்பாக்கிச் சுத்தி விழணும், அங்க டப்புன்னு பலகையில படணும், நடுவுல ஒன்னும் கேக்கக்கூடாதும்பாரு. பீன்ஸ் தோட்டத்துல பெருச்சாளி மாதிரி வளை தோண்டுற கிரவுண்ட்ஹாக்கச் சுட்டா, பக்கத்துல மேயுற மாடு தலையத் தூக்காது. பாத்திருக்கல்ல?

அந்தத் தோட்டாவ வச்சுத்தான நீ அக்டோபர்ல சர்ச்சுல நடந்த சுடுற போட்டியில பரிசுக்கு வச்ச பன்னித்தொடைய ஜெயிச்ச? அத வெட்டித் தின்னுக்கிட்டே ஊரெல்லாம் சொன்னியே, வெர்லினுக்கு வயசாக ஆகக் கை நல்லா வருது, முன்னாடியவிட இப்பப் போடுறதுதான் சுத்தம்னு. காதுல விழுந்துச்சு, விழுந்துச்சு. எல்லாம் காதுல விழுந்துச்சு.

என்னது?

நீ வர்றப்ப அவரு ஊத்தவே இல்லையா? சும்மாவா உக்காந்திருந்தாரு? தொப்பியக் கதவுல மாட்டிட்டு? பை அப்பவே கட்டித் தயாரா இருந்துச்சா?

கம்பிய விடு. பைய எடு இங்க. கொட்டு மேசையில.

இத உன் காதுகிட்ட ஆட்டு. கொஞ்சம் மருந்துதான் போட்டிருக்கும், ஆட்டுனாச் சலசலக்கும். கேக்குதா? சரி. இது? இதுவும் கேக்குது. இது... உனக்கு ஏதாச்சும் கேக்குதா? இல்லேல்ல? எனக்கும் கேக்கல. இதத் தனியா வை. இதத் தராசுல வச்சுப் பாக்கலாம், கனமாத் தெரியுது. பாத்தியா முள்ளு எங்க போயி நிக்குதுன்னு? இதுல ரெண்டு தடவ ஊத்தியிருக்காரு. இது போயிருந்தா ஓப்பல் புடிக்கிறதுக்கு உனக்குக் கையே இருந்திருக்காது.

உக்காரு. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காரு. உன் வாய் மேல பழியப் போட்டேன், அத எடுத்துக்கிறேன். இப்ப நான் சொல்லுறது இந்தக் கதவத் தாண்டக்கூடாது. வாண்டாகிட்டகூட. குறிப்பா வாண்டாகிட்ட.

நீ பன்னித்தொடை ஜெயிச்சியே, அந்தத் தோட்டா நான் போட்டது.

ஆமா, நான்தான். ஒன்ற வருஷமா வெர்லின் போட்ட தோட்டா ஒன்னுகூட இந்த வீட்ட விட்டு வெளிய போகல. போன ஈஸ்டருக்கும் முந்தின ஈஸ்டர்ல தெரிஞ்சுச்சு எனக்கு. காப்பிய ஊத்தி வச்சுட்டு அடுத்த நிமிஷமே வேற கப்ப எடுத்துட்டு வந்து காப்பி குடுன்னாரு. டாக்டர் ஒரு பேரு சொன்னாரு. நல்ல நீளமான பேரு, எதுக்கும் ஒதவாத பேரு. கார் சாவிய வாங்கிட்டேன். ரம்பத்த வாங்கிட்டேன். அடுப்புப் பக்கம் வுடுறதில்ல. இந்த மேசைய மட்டும் எப்படிய்யா வாங்குறது? காலையில அந்த ஸ்டூல்ல உக்காந்தா மூஞ்சியே தெளிஞ்சுடுது. அப்பத்தான் அவரு வெர்லினா இருக்காரு. மத்த நேரமெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்த யாரோ ஒரு மரியாதையான ஆளு.

அதனால காலையில அவரு போடுவாரு. மத்தியானம் சூப்பக் குடிச்சுட்டு, ரேடியோவுல பேஸ்பால வச்சுட்டு சாய்வு நாக்காலியில தூங்குவாரு. நான் வந்து அவரு போட்டத இந்தக் குண்டு புடுங்குற சுத்தியல்ல ஒன்னொன்னா மாட்டி, தரையில ஓங்கி அடிச்சு, குண்ட வெளிய எடுத்து, மருந்தக் கொட்டிட்டு, மறுபடி மொதல்லேருந்து போட்டு, பெட்டியில அடுக்கி லேபிள் ஒட்டுவேன். நாப்பது வருஷம் லேபிள் எழுதுனவளுக்கு அளவு தெரியாதா? ஒரு நாள் செய்யலைன்னாலும் மறுநாள் அவரு அந்தக் கோளாறான தோட்டாவ எடுத்துடுவாரு. எனக்குக் காய்ச்சல் அடிச்சப்பவும் செஞ்சேன். பொண்ணு பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடியும் செஞ்சுட்டுத்தான் போனேன். சுத்தியல் சத்தம் அவருக்குக் கேக்காது, நல்ல காது தலையணப் பக்கம் இருக்கும்.

ஆமாய்யா, ஆபத்துதான். எனக்கு நீ சொல்லித் தர்றியா? மருந்தப் பூட்டி வச்சிருக்கணும், வைக்கல. அதுக்கு உன் கை போயிருந்தா என்னத்தச் சொல்லுறது நான்? இன்னைக்கே பூட்டிடுறேன். பூட்டிட்டு அவருக்கு என்ன பதில் சொல்லுறதுன்னுதான் தெரியல. அதுக்குத்தான் உன்மேல எரிஞ்சு விழுறேன், போதுமா?

ஆனா பை எப்படி உன் கைக்கு வந்துச்சு? முடிச்ச தோட்டாவ நான் எங்கயும் விட்டு வைக்க மாட்டேனே. நீயா எடுத்தியா? பொய் சொல்லாத.

அவரே குடுத்தாரா.

எங்கேருந்து எடுத்தாரு? பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடியிருந்தா? என்ன சொல்லிக் குடுத்தாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு. ஒரு வார்த்த விடாமச் சொல்லு.

...

ஆர்லீன் ஒட்டுன பெட்டி வேண்டாம், இத எடுத்துக்கோ, இது நானே போட்டதுன்னா சொன்னாரு?

நானே போட்டதுன்னா?

அப்ப அவருக்குக் கேட்டிருக்கு. சுத்தியல் சத்தம் அத்தனையும் கேட்டிருக்கு. ஒன்ற வருஷமா அந்த நாக்காலியில கண்ண மூடிக்கிட்டுப் படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. எழுந்ததும் எங்கிட்ட வந்து, இன்னைக்கு நல்லா வந்துச்சு ஆர்லீன், லேபிள் ஒட்டிட்டியான்னு கேப்பாரு. நானும் ஒட்டிட்டேன்னு சொல்லுவேன். ஒரு தடவகூட மூஞ்சியில காட்டிக்கல அந்த மனுசன். எனக்காக...

எனக்கு ஒன்னும் இல்ல. தொடாத. கண்ணுல எண்ணெ பட்டுடுச்சு. கம்பியப் புடி.

இன்னும் ஒரு தட்டு. வருது, வருது... இந்தா விழுந்துச்சு. எடுத்துப் பாரு. ஒரு கீறல் இல்ல. குண்டுல ஒரு குத்தமும் இல்ல, தள்ளிவிடத்தான் உள்ள ஒன்னும் இல்ல.

டாயில் வண்டிச் சத்தம். கேக்குதா? மூஞ்சியத் தொடச்சுக்க. அந்தப் பைய எங்கிட்டக் குடு. குண்டச் சட்டப் பையில போடு. கதவத் தூக்கு, இயல்பா நில்லு. எறங்குனதும் மொதல்ல உன்னத்தான் கேப்பாரு. நான் குடுத்தது எப்படி இருந்துச்சு கார்லண்ட்னு கேப்பாரு. கண்ணப் பாத்துக் கேப்பாரு, தல குனியாத.

சத்தமே வரல வெர்லின்னு சொல்லு. அது பொய் இல்லேல்ல.