மோதல் பூஜ்யம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல் சார். ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது. விளையாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி சேஃப்டி ரூமில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அந்த விமான விளையாட்டு சிடியை பர்மா பஜாரில் நான்தான் வாங்கிவந்தேன். திரையில் பச்சைப் புள்ளிகள் சுற்றும். ஒவ்வொன்றும் ஒரு விமானம். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இன்னும் எத்தனை நிமிஷத்துக்கு எரிபொருள் என்று அர்த்தம். பத்துக்குக் கீழே போனால் சிவப்பாகும். எதை முதலில் இறக்குவது, எதைச் சுற்றவிடுவது என்று சொல்வது நம் வேலை. இரண்டு முட்டிக்கொண்டால் பெரிய சத்தம் வரும், மோதல் என்று பதிவாகும். எரிபொருள் தீர்ந்தால் சத்தமே கிடையாது. புள்ளி அணைந்துவிடும், அவ்வளவுதான். அது மோதலில் சேராது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பார்கள். விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோல் டவரை நினைத்து ஸ்டோர் மேரி எனக்கு வைத்த பேர் டவர். "இன்னா டவரு, இன்னிக்கு எத்தினி எறக்கின?" என்பாள். அந்தப் பேருக்காகவே பொன்னேரியிலிருந்து ஒரு ரயில் முன்னாலேயே பிடித்து வந்து ஆடிப் பழகுவேன்.

என்கூட வேலை பார்த்த ரகுவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஒரே மாசத்தில் என்னைத் தாண்டிவிட்டான். ஒரு நாள், ஒரே நிமிஷம் மிச்சமிருந்த விமானத்தை, மற்ற மூன்றை ஒதுக்கிச் சுற்றவிட்டு இறக்கினான். கைதட்டினார்கள். "இனிமே இவன்தான்பா டவரு" என்றாள் மேரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது சார், அதை மறைக்க மாட்டேன். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் நான் கோபால். சொந்தப் பேர்தான், ஆனால் காதில் விழவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டேங்க் கழுவ ரகு இறங்கினான். உள்ளே விஷவாயு, முகமூடி இல்லாமல் நிற்க முடியாது. முதுகில் காற்று சிலிண்டர், அரை மணி நேரத்துக்கு வரும். கடைசி ஐந்து நிமிஷம் விசில் அடிக்கும். மேலே ஏணியையும் வாக்கிடாக்கியையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கூட இருந்த அப்பாவுவை டீ வாங்க அனுப்பினேன்.

விசில் கேட்டது. "டவரு, வரட்டா?" என்றான். என்னைத்தான். அப்படிக் கூப்பிட்டால் என் மனசு குளிரும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஏணி கொக்கி கழண்டுகினு கீது, மாத்துறேன். அங்கயே நில்லு" என்றேன். கொக்கியில் ஒரு கோளாறும் இல்லை. ஏணியை அதற்கு முன்பே மேலே இழுத்து வைத்திருந்தேன்.

நான்கு நிமிஷம் கழித்து, "டவரு, செவப்பாயிடுச்சு" என்றான்.

"லைன்லதான் கீற, இருப்பா" என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நின்றான். விசில் நின்றது. ஏணியை மறுபடி இறக்கிவிட்டு, அப்பாவு வந்த பிறகு கத்தினேன்.

ஏணியை இழுத்தது நான், காத்திருக்கச் சொன்னது நான். எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள் சார். அவனை நான் தொடக்கூட இல்லை. இத்தனை நாள் ஆடியதில் என் கையில் ஒரு மோதல் கிடையாது, மேரியையே கேட்டுப்பாருங்கள். அந்தப் பேரைக்கூட நான் பிடுங்கவில்லை. கடைசியில் அவனாகத்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.