குன்னூரின் மூக்கு

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. இந்தக் குளிருக்கு அப்படித்தான் குடிக்கத் தோன்றும்.

அம்புரோஸ் வீட்டில் நடந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்னையும் வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். நானே திரும்பி வந்திருக்கிறேன். மாதா கோவிலுக்குப் போவதாக என் மனைவி ஜூடித்திடம் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தினால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தேயிலை ஏலத்துக்கு வரும் தூளைக் கொதிநீரில் ஊறவைத்து மேசை நீளத்துக்குக் கோப்பைகளை அடுக்கி வைப்பார்கள். நான் கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்வேன். எந்த எஸ்டேட், மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா, ஃபாக்டரியில் சூடு கூடிவிட்டதா என்று சொல்லுவேன். ரயில்வே ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "நீங்கதானுங்களா குன்னூர் மூக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

அந்தக் காய்ச்சல் காலத்தில் எல்லாருக்கும் போல எனக்கும் வாசனை போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை, சார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், கற்பூரம், தைலம் என்று காலையும் மாலையும் முகர்ந்து பழகினேன். கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்த்தேன். நரம்பு போயிருக்கலாம், காத்திருந்து பாருங்கள் என்றார். காத்திருந்தேன். வலி நிவாரணிக் களிம்பை மூக்குக்குள் அப்பிக்கொண்டு, தோல் உரிந்து ரத்தம் வரும்வரை இழுத்தேன். எரிந்தது, அவ்வளவுதான். ஒருநாள் பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு, ஜூடித் கழற்றிப் போட்டிருந்த நைட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள். துணியின் ஈரம் மட்டும் தெரிந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

வேலையைச் சமாளித்தேன். ஊறிய இலையின் நிறம் கண்ணுக்குத் தெரியும். நாக்குக்குத் துவர்ப்பும் கசப்பும் தெரியும். மீதியை அனுபவத்தை வைத்து ஊகித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. விஸ்கியில்தான் மாட்டிக்கொண்டேன்.

அம்புரோஸும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். எஸ்டேட் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவன். மனைவி இறந்த பிறகு அந்த பங்களாவில் தனியாக இருந்தான். சமையலுக்கு அங்கம்மா வந்துபோவாள். நல்ல விஸ்கி சேர்ப்பது ஒன்றுதான் அவனுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நண்பர்கள் சிலர் அங்கே கூடுவோம். குடிக்க அல்ல, ருசி பார்க்க. அவனுக்குப் பிடித்தது ஷெர்ரி பீப்பாயில் ஊறிய ஸ்காட்ச். ஸ்பெயின் நாட்டு ஒயின் ஊறிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து, தேக்கு நிறத்துக்கு வந்த சரக்கு. அதையும் தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்தோடு அப்படியே பாட்டிலில் அடைத்திருப்பார்கள். முதலில் முகர வேண்டும். பிறகு நாக்கு நனைய ஒரு சொட்டு. பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டால் வாசனை மலரும் என்பார்கள். எனக்கு நெருப்பு மட்டும் தெரிந்தது. தண்ணீர் விட்டால் குறைந்த நெருப்பு.

முன்பெல்லாம் நான்தான் முதலில் சொல்வேன், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். காய்ச்சலுக்குப் பிறகு, "வீட்டுக்காரன் முதல்ல சொல்லட்டும்" என்று ஒரு மரியாதையை நானே ஏற்படுத்தினேன். அம்புரோஸ் சொல்வதை வாங்கி, கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். நன்றாகவே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தான். புது பாட்டில் திறந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, நிதானமாகச் சொன்னேன். உலர்ந்த அத்தி. ஆரஞ்சுத் தோல். கிறிஸ்துமஸ் கேக்குக்கு ரம்மில் ஊறப்போட்ட திராட்சை.

ஒவ்வொருவராகத் தங்கள் கிளாஸை முகர்ந்தார்கள். பிறகு ஒருவர், "என்னங்க இது, அழுகின முட்டை நாத்தமடிக்குது" என்றார். சில பீப்பாய்களைக் கந்தகம் கொளுத்திச் சுத்தம் செய்வார்களாம். அது மரத்தில் தங்கி விஸ்கியைக் கெடுத்துவிடுமாம். அன்று வந்தது அப்படிக் கெட்ட பாட்டில். உள்ளேயிருந்து வந்த அம்புரோஸ் ஒருமுறை முகர்ந்தான், என் முகத்தைப் பார்த்தான், உடனே சத்தம் போட்டுச் சிரித்தான். "டேய், சில்வஸ்டர் உங்களுக்கெல்லாம் பரீட்சை வெக்கறான்டா. அத்தியாம், ஆரஞ்சாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் போன பிறகு என்னை உட்காரவைத்தான்.

"எப்பருந்துடா?"

"என்ன எப்பருந்து?"

"எங்கிட்டயாடா மறைக்கறே?"

சொன்னேன். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து என்னைப் பார்த்தவன், முதல்முறையாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றான்.

சொல்லவும் இல்லை, சார். அவன் வாக்கு தவறாதவன். ஆனால் நல்லவன். நல்லவர்களால் சும்மா இருக்க முடியாது. அந்த வாரச் சனிக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். அங்கம்மா சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் சொன்னான்.

"நாளைக்கி நம்ம ஆளுங்ககிட்டச் சொல்லிடலாம்டா. நானே சொல்றேன். திங்கக்கெழம உங்க டைரக்டரப் பாத்துப் பேசறேன். புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலையா மாத்திக்கலாம். எத்தன நாளைக்கிடா நடிப்பே?"

வேண்டாம் என்றேன். வேலையை விட்டுவிடுகிறேன், ஊரைவிட்டே போகிறேன், ஆனால் காரணத்தை மட்டும் சொல்லாதே என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் தரையில் முழங்கால் போட்டேன். அவன் காலைப் பிடித்தேன். பதறிப்போய் என்னைத் தூக்கினான்.

"எந்திரிடா. நீ என்ன பாவமா பண்ணிட்டே? மூக்குதானடா போச்சு."

மூக்குதானே.

என்னைத் தேற்றுவதற்காகப் புது பாட்டிலைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்தது. இருவருக்கும் ஊற்றினான். "நான் சொல்றேன், நீ கேட்டுக்க" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். பேரீச்சம்பழம் வருகிறது என்றான். பழைய பைபிளின் தோல் அட்டை வருகிறது என்றான். கண் தெரியாதவனுக்கு ஊர் காட்டுவதுபோல. மனதாரச் செய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பங்கையும் அவனுக்கே ஊற்றிக்கொடுத்தேன். நல்ல வீரியமான சரக்கு. கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.

வெளியே மூடுபனி. ஜன்னல்கள் குளிருக்காகச் சாத்தியிருந்தன. கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். பிறகு குமிழை மறுபடி திறந்தேன், பற்றவைக்கவில்லை. கம்பளியை அவன் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டேன். ஹீட்டர் இல்லாமல் குளிரும் அல்லவா? கதவைச் சாத்திக்கொண்டு, வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். அவன் வலியில்லாமல் போய்விடுவான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

அங்கம்மாவை நான் நினைக்கவில்லை. மகள் வீட்டுக்குப் போகக் கிளம்பியவள், பஸ் வராததால் திரும்பி வந்திருக்கிறாள். வழியில் என்னைப் பார்த்து, "கெளம்பிட்டீங்களாய்யா?" என்றாள். ஆமாம் என்றேன். நில் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் மேலே ஏறிவிட்டாள். வாசல் கேட் அருகிலேயே அவளுக்கு வாசனை தட்டியிருக்கிறது. ஐயா, ஐயா என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். பனியில் உள்ளே இருட்டாக இருக்க, லைட்டைப் போட்டிருக்கிறாள். வளைவில் நின்றிருந்த எனக்குச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் உங்களிடம் சொன்னதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "வெளி கேட்டுகிட்டயே நாத்தம் வந்துச்சுங்க. சில்வஸ்டர் ஐயா அப்பத்தான் எறங்கி வந்தாரு. அவருக்கு எப்பிடிங்க தெரியாமப் போச்சு?" அதற்குப் பிறகு அவள் பிழைக்கவில்லை. அதற்கு வருந்துகிறேன். நல்ல கேள்வி கேட்டாள்.

அந்தக் கேள்வியை வைத்து என்னைக் கூட்டிவந்தீர்கள். நான் தயாராகத்தான் இருந்தேன், சார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? அப்போதுதான் ஜூடித் வந்தாள். உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, எனக்கு முன்னால் சொன்னாள்.

"ஏனுங்க சார், அவருக்கு வாசனையே தெரியாதுங்க. காய்ச்சல் வந்ததுலருந்தே தெரியாதுங்க. தெனமும் கேஸ மூடியாச்சான்னு நாந்தான் பாத்துட்டுப் படுக்கறேன். பால் கெட்டுப்போனாக்கூட அவருக்கு முன்னாடி எடுத்துக் கொட்டிருவேன். அவரு மனசு நோகக் கூடாதுன்னு காட்டிக்கலீங்க."

முதலிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் ஓடியபோதும் கதவுக்கு வெளியே நின்றிருப்பாள்.

நீங்கள் டாக்டரை வைத்துச் சோதித்தீர்கள். கண்ணைக் கட்டி, ஏதேதோ குப்பிகளை நீட்டினார்கள். உண்மைதான் என்று சான்று கொடுத்தார்கள். பேப்பரில், வாசனை உணர்வை இழந்த தேயிலை நிபுணர் என்று போட்டார்கள். பாவம், பக்கத்தில் இருந்தும் நண்பனைக் காப்பாற்ற முடியவில்லை என்று எழுதினார்கள். ஊரே பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்து, புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், போதும் என்றார். அம்புரோஸ் என்ன செய்ய நினைத்தானோ அதெல்லாம் அவன் இல்லாமலே நடந்துவிட்டது. ஜூடித் என் தட்டில் சோறு போடும்போது, இது கத்திரிக்காய், இது கருவாடு என்று சொல்லிப் போடுகிறாள்.

இப்படி என்னால் இருக்க முடியாது, சார்.

அம்புரோஸைக் கொன்றது நான். அங்கம்மாவைத் தடுக்காமல் விட்டதும் நான். எந்தக் கோர்ட்டிலும் சொல்கிறேன். தண்டனையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் வாசனை தெரியாத அப்பாவி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். சோதனை அன்று எனக்கு உடம்பு சரியில்லை. குமிழைத் திருகியதுமே எனக்கு வாசனை வந்தது. அங்கம்மாவுக்கு வாசல் கேட் அருகில் வந்ததென்றால், எனக்கு அதற்கு வெகு முன்பே வந்தது. தெரிந்துதான் கதவைச் சாத்தினேன்.

எப்படி இருந்தது அந்த வாசனை என்று கேட்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் லேசாகத்தான் வந்தது, சார். போகப்போக மலர்ந்தது. கடைசியில் நல்ல இனிப்பு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.