பூட்டு இல்லாத காம்பவுண்டு

காலையில் நல்லூர் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"இப்ப எங்க காம்பவுண்டுல ஆறு ஊட்டுலயும் பூட்டே போடறதில்லீங்கக்கா."

"ஏங் கண்ணு, திருடன் வந்தா?"

"திருடனுக்காங்க பூட்டுனோம்? வேலைக்குப் போறப்ப புள்ளைங்களத்தான உள்ள வெச்சுப் பூட்டுனோம். இப்ப ஆறு பேரும் ஷிப்டை மாத்தி மாத்தி வாங்கிட்டமுங்க. எப்பவும் ஒருத்தராச்சும் ஊட்டுல இருக்கறோம், புள்ளைங்க எல்லாம் அங்கதான். பீகார்க்கார அக்கா ஊட்டுல ரொட்டி, எங்க ஊட்டுல அரிசிம்பருப்பு."

"உம்பட பொண்ணு ஜன்னலப் புடிச்சுட்டு அழுவாளே?"

"அவளா! நேத்து எனக்கு லீவுங்க. செருப்பை எடுத்தாந்து முன்னால வெச்சுட்டு, 'அம்மா, கம்பெனிக்கு நேரமாச்சு, கெளம்பு'ங்கறா!"