குறட்டை நின்ற இரவு

விளக்கு எரியட்டும், அணைக்காதீர்கள். என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது.

இரவு ஒரு மணி. கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஆளரவமில்லாத சாலையில் நடந்து வருவார். டிரைவர். குறட்டைக்குப் பேர்போனவர், பக்கத்து வீட்டுக்காரர் குடி மாறியதே அதனால்தானாம்.

அந்தக் குறட்டை திடீரென்று நிற்கும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும்... காற்று உள்ளே போகாது. உடனே பெரியம்மா முழங்கையால் விலாவில் ஓர் இடி இடிப்பார். 'க்ர்ர்ஹ்' என்று மூச்சு திரும்பும். பெரியம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் யார் இறந்தாலும் மூக்கில் பஞ்சு வைத்துத் தாடையைக் கட்டுவது அவர்தான். உச்சந்தலையில் தட்டையாக ஒரு முடிச்சு... அது வேறு யாருக்கும் வராது.

பெரியம்மா போய்ச் சேர்ந்தார். இடி நிற்கவில்லை.

பெரியப்பா பயப்படவில்லை. "முழிச்சுட்டேன், நீ படு" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தூங்குவார். செத்தும் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று பெருமை வேறு.

ஒருநாள் ஸ்டியரிங்கிலேயே கண்ணசந்தார். டிப்போவில் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"தூக்கத்துல உங்க தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால சரிஞ்சு வழியை அடைக்குது. இந்த மெஷின் காத்து ஊதி வழியைத் திறந்தே வச்சிருக்கும். மாட்டலேன்னா வண்டியைத் தொட முடியாது."

முதல் ராத்திரி, துணைக்கு நண்பன் ஹாலில் படுத்தான். பெரியப்பா மூக்கில் முகமூடி. குறட்டையே இல்லை. அந்த வீடு அப்படி அமைதியாக இருந்ததே கிடையாது.

தொப்... இடி விழுந்தது. திறந்த கதவு வழியே நண்பன் பார்த்தான். பெரியப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மெஷின் காற்று வாய்வழியே புஸ்ஸென்று போயிற்று, குரல் வரவில்லை. தொப்... இன்னும் பலமாக. தொப்...

பிறகு நின்றது. அப்பாடா, பெரியம்மா புரிந்துகொண்டார் என்று நண்பனும் தூங்கிவிட்டான். அரைத் தூக்கத்தில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. யாரோ விசும்பி விசும்பி அழுதார்கள்... கனவென்று புரண்டு படுத்தான்.

காலையில் முகமூடி ஆணியில் தொங்கியது. மெஷின் வெறும் அறைக்கு ஊதிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் கைகள் மார்பில் ஒழுங்காக. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. உச்சந்தலையில் அந்தத் தட்டை முடிச்சு.

பெரியம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. குறட்டை இல்லையென்றால் மூச்சு இல்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். இறந்துவிட்டார் என்றே நினைத்து, அழுதுகொண்டே தன் வேலையைச் செய்திருக்கிறார்.

ஆனால் மூக்கில் வைத்த பஞ்சு வெளியே தெரியவே இல்லையாம்... மூச்சு இழுத்து இழுத்து, தொண்டை வரை போயிருந்ததாம்.