சனிக்கு நிலா கூடும்போதெல்லாம்

— நிறுத்து, நிறுத்து. “சனிக்கோளுக்கு இருநூற்று எழுபத்து நான்கு நிலாக்கள்” வரைக்கும் நல்லா வந்துச்சு. கடைசில ஒரு பெருமூச்சு விட்டியே, அது மைக்ல விழுந்துடுச்சு.

— விழட்டுமே. இருநூத்து எழுபத்து நாலு பிள்ளையைக் கட்டி மேய்க்கிறவளுக்காக விட்ட பெருமூச்சு அது.

— சனி பொம்பளையா?

— இத்தனையையும் சுத்தி வச்சுக்கிட்டு ஒண்ணையும் தொலைக்காம இருக்குதுன்னா பின்ன ஆம்பளையாவா இருக்கும்? நீங்க ஒரு குடையை ஒழுங்கா வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்ததில்ல.

— சரிம்மா, பொம்பளைதான். இன்னொரு தடவை சொல்லு. பெருமூச்சு இல்லாம.

— முதல்ல ஃபேனைப் போடுங்க. ஆளை அவிச்சு எடுக்குது இந்த ரூம்.

— ஃபேன் சத்தமும் விழும் பாரு. வெளிய பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற கூச்சல் வரக் கூடாதுன்னுதான் கதவுல கம்பளியே மாட்டியிருக்கேன். அடுத்த காட்சிக்கு இப்பவே வந்து நிக்கிறாங்க. இன்னும் நாலு வரிதான். முடிச்சிட்டு ஜில்லுனு ஏதாவது குடிக்கலாம்.

— போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அப்போ நூத்து நாப்பத்தஞ்சு நிலா. இந்தக் கோளரங்கத்துல என் குரலைப் போட்ட நாள்லேர்ந்து நானும் எண்ணை மாத்திக்கிட்டே இருக்கேன். ஏங்க, “இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலாக்கள்”னு ஒரேயடியா சொல்லிட்டா ஆகாதா? அதுங்க இஷ்டத்துக்குக் கூடிக்கிட்டுப் போகட்டும். நானும் பஸ் பிடிச்சு வர வேண்டியதில்ல.

— அதெப்படி. எண்ணு சொன்னாத்தான் ஜனங்களுக்கு ஒரு இது.

— ஒரு எது?

— ஒரு… நம்பிக்கை.

— மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?

— அவரும் இதையேதான் சொன்னார். “மேற்பட்ட”ன்னு போட்டுடுங்க, வேலை மிச்சம்னார். நான்தான் விஞ்ஞானத்துல மழுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

— ஓஹோ. ஊர்ல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனா புருஷன் போய்க் கூப்பிடுவான். என் புருஷன் சனிக்கு நிலா கூடும்போதெல்லாம் கூப்பிடறார்.

— அந்தப் பெருமூச்சை நானே வெட்டிக்கறேன். அடுத்த வரிக்குப் போலாமா?

— போங்க, போங்க. “நிலவில் இறங்கிய ஆளில்லா விண்கலம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஆயினும் சாய்ந்த நிலையிலேயே சில படங்களை அனுப்பியது.” உங்க ஸ்கூட்டர் மாதிரி ஸ்டாண்டைச் சரியாப் போடலையோ என்னவோ.

— நீ சேர்த்த வரியை வெட்டிடறேன். மேல சொல்லு.

— “வேறொரு நட்சத்திரத்தின் அருகே பிறந்த வால்நட்சத்திரம் ஒன்று நம் சூரியனைச் சுற்றிவிட்டு, திரும்பி வராத வழியில் போய்க்கொண்டிருக்கிறது.” பாவம். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்ததுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பியிருக்கலாம்.

— அது கல்லு இல்ல, வேத்துக் கிரகத்துக் கப்பல்னுகூட சில பேர் சொன்னாங்க. காட்சி முடிஞ்சு ஒரு வாண்டு என்கிட்ட வந்து, உள்ள இருந்தவங்க ஏன் இறங்கலன்னு கேட்டுச்சு.

— என்ன சொன்னீங்க?

— இறங்க இடம் கேட்டாங்களாம், யாரும் நகர்ந்து குடுக்கலையாம்னேன்.

— பரவாயில்லையே. ஊராருக்கெல்லாம் உங்க வாய் திறக்குது.

— அடுத்தது விண்கல்லு.

— “அண்மையில் கண்டறியப்பட்ட விண்கல் பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று கணக்கிடப்பட்டது. பிறகு, அந்த அபாயம் இல்லையென்று தெரியவந்தது.” வராத கல்லுக்கு எதுக்குங்க வரவேற்பு?

— இன்னமும் கேக்கறாங்க பாரு, அந்தக் கல்லு என்னாச்சுன்னு. நம்ம டிக்கெட் குடுக்கிற அக்கா அந்தச் சேதி வந்ததும் தலைக்குச் சாயம் பூசறதையே விட்டுட்டாங்க. கல்லு விழப்போற தலைக்கு எதுக்குச் சாயம்னாங்க.

— நூத்துக்கு மூணுக்கு இவ்வளவு பயமா? நான் பஸ் நிலையத்துல ஒரு நாளைக்கு நூறு வண்டிக்கு அறிவிப்பு சொல்றேன். அதுல மூணுகூட சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல.

— கேட்டேன்.

— என்னத்தை?

— உன் அறிவிப்பை. போன வாரம். “மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து”ன்னு சொன்னே. தெளிவா இருந்துச்சு.

— எந்த ஊருக்குப் போக வந்தீங்க?

— எங்கயும் இல்ல. சும்மா நின்னேன்.

— அறிவிப்பு ரூம் பக்கத்துலதான. கதவைத் தட்டறதுக்கென்ன?

— தட்டிட்டு என்னன்னு சொல்றது? அப்போ வானத்துல புதுசா ஒண்ணும் நடக்கல.

— … மைக்கை ஆன் பண்ணுங்க. கடைசி வரி.

— ஆன்லதான் இருக்கு.

— “எட்டு நாள் பயணமாகப் புறப்பட்ட விண்வெளி வீரர்கள் இருவரால் ஒன்பது மாதங்கள் கழித்தே பூமிக்குத் திரும்ப முடிந்தது.”

— நல்லா வந்துச்சு. ஏன் அப்படியே உக்காந்துட்டே?

— ஒண்ணுமில்ல. நானும் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னுதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு வருஷம் ஆகப் போகுது.

— தெரியும்.

— அவங்களுக்காவது வேற வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க.

— உங்க அண்ணிகிட்ட போன்ல கேட்டேன். “அவ இங்க நல்லாத்தான் இருக்கா”ன்னாங்க. நல்லா இருக்கிறவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு…

— மேல இருந்த அவங்களும் நல்லாத்தான் இருந்தாங்க. மிதந்துக்கிட்டு.

— பாரு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மேனேஜர் உனக்குப் போன் பண்ணினாராமே.

— பண்ணினார். ஏதோ கம்ப்யூட்டராம். என் பழைய பதிவையெல்லாம் அதுக்குக் கேக்க வைப்பாங்களாம். அதுக்கப்புறம் எதை எழுதிக் குடுத்தாலும் என் குரல்லயே அது பேசுமாம். நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்.

— நீ என்ன சொன்னே?

— யோசிச்சுச் சொல்றேன்னேன்.

— சொல்லாதே.

— ஏன்?

— அதாவது… அது உன்னை மாதிரி வராது. பெருமூச்செல்லாம் அதுக்குத் தெரியாது.

— இப்பத்தான பெருமூச்சு விடாதேன்னீங்க.

— அதுக்கில்லம்மா. நீ சரின்னு சொல்லிட்டா, சனிக்கு ஆயிரம் நிலா கூடினாலும் உன்னை இங்க கூப்பிட வேண்டிய அவசியம் இருக்காது. அதான்.

— அதுதான் கவலையா?

— அதுதான்.

— என்னைக் கூப்பிடறதுக்கு மட்டும் ஆயிரம் வழி யோசிப்பீங்க. வந்தப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. நாம வீடு மாறப்போறோம்னு எனக்கு எப்போ தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? லாரி வந்து வாசல்ல நின்னப்போ. நான் பக்கெட்ல துணி ஊறப் போட்டிருந்தேன். தண்ணியும் துணியுமா அந்தப் பக்கெட்டை அப்படியே லாரியில ஏத்தினாங்க.

— நான் சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன்.

— யார்கிட்ட?

— உன்கிட்ட.

— எப்போ?

— சிரிக்கக் கூடாது.

— கேட்டுட்டுச் சொல்றேன்.

— காலைல முதல் காட்சிக்கு முன்னாடி, மெஷின் சரியா ஓடுதான்னு ஆளில்லாமயே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். விளக்கெல்லாம் அணைஞ்சதும் நீ, “சற்று நேரம் இருளைப் பாருங்கள், கண்கள் பழகட்டும்”னு சொல்லுவே. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேச மாட்டே. கூரையில நட்சத்திரம் ஒவ்வொண்ணா ஏறும். அந்த நேரத்துல நான் பேசுவேன்.

— யார்கூட?

— உன்கூடதான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னது, நான் வேற வீடு பார்த்தது, லாரிக்குச் சொல்லி வச்சது எல்லாத்தையும் அங்கதான் சொன்னேன். நீ பொறுமையாக் கேட்டுட்டு, “இதோ, வடக்கே துருவ நட்சத்திரம்”னு ஆரம்பிச்சே. சரி, உனக்கும் சம்மதம்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

— ஐயோ, ஆபரேட்டரே.

— சிரிக்கிறே பாரு.

— சிரிக்காம? ஊர்ல பொம்பளைங்களுக்கெல்லாம் சக்களத்தி வெளியிலேர்ந்து வருவா. எனக்கு என் தொண்டையிலேர்ந்தே வந்திருக்கா.

— அவ குறுக்கே பேச மாட்டா பாரு, அதனால…

— அவளா?

— நீ. நீதான். அங்க நீ குறுக்கே பேச மாட்டே.

— வீட்டுக்கு வந்தா, “கொஞ்சம் சும்மா இருக்கியா”ன்னு சொல்லுவீங்களே. நாள் பூரா அவ பேச்சைக் கேட்டு ரசிச்சுட்டு வந்துதான் என்னைச் சும்மா இருக்கச் சொன்னீங்களா?

— காதெல்லாம் நிறைஞ்சு போயிருக்கும். அதுவரைக்கும் உன்கூடவே இருந்துட்டு வந்த மாதிரி இருக்கும். தப்புதான்.

— லாரிக்காக நான் போகலங்க.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அந்த நாளுக்காகத்தான் போனே.

— குழந்தை தங்கலன்னு டாக்டர் சொன்னப்ப “சரிங்க”ன்னீங்க. என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டீங்க. காட்சிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டீங்க. சாயங்காலம் வந்தீங்க, சாப்பிட்டீங்க, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. ஒரு வார்த்தை இல்ல. வயித்துல சுமந்தது நான்தான், ஆனா இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே இல்லையான்னு நான் உங்க முதுகையே பார்த்துட்டுக் கிடந்தேன்.

— அன்னிக்கு நான் காட்சி நடத்தல.

— நடத்தலையா?

— மெஷின் கோளாறுன்னு சொல்லி வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டினேன். எனக்கு மட்டும்.

— அவகிட்ட சொல்லியிருக்கீங்க.

— ஆமா.

— என்ன சொன்னீங்க?

— விடும்மா. வெளிய பிள்ளைங்க நிக்குதுங்க.

— நிக்கட்டும். அவளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்க. நான் குறுக்கே பேசல.

— விளக்கை அணைச்சுக்கட்டுமா?

— வேண்டாம். இப்படியே, என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— … உன் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்குன்னு சொன்னேன். அப்புறம், காட்சி நடுவுல பெருவெடிப்புச் சத்தம் ஒண்ணு வருமே, அரங்கமே அதிருமே. பிறந்தப்புறம் நம்ம குழந்தையைத் தூக்கிட்டு இங்கதான முதல்ல வருவே, பச்சைப் பிள்ளை தூக்கிவாரிப் போட்டுடுமேன்னு அந்தச் சத்தத்தை முன்கூட்டியே குறைச்சு வச்சிருந்தேன். இனிமே அதைக் கூட்டணுமான்னு உன்கிட்ட கேட்டேன். கேக்கும்போதே அழுகை வந்துடுச்சு. அந்தக் கூரை வட்டமா இருக்குல்ல, நாம அழுதா அது திரும்பி வந்து நமக்கே கேக்கும். வேற யாரோ பக்கத்துல உக்காந்து அழற மாதிரி. நீதான் அழறேன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுட்டோம்னு நினைச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்து படுத்தேன்.

— சத்தத்தைக் கூட்டினீங்களா?

— இன்னும் இல்ல. மேனேஜர் கேட்டா ஸ்பீக்கர் பழசாயிடுச்சுன்னு சொல்லிட்டிருக்கேன்.

— அப்போ இத்தனை நாளா இங்க பிரபஞ்சமே மெதுவாத்தான் பிறந்துக்கிட்டிருக்கா?

— ம்.

— அவ என்ன சொன்னா?

— யாரு?

— அவதான். உங்க இருட்டுக்காரி. நீங்க அழுதப்போ.

— “இதோ, வடக்கே துருவ நட்சத்திரம்”னா.

— நல்ல ஆறுதல். இந்தாங்க, என் கைக்குட்டையில துடைச்சுக்கோங்க. உங்களுது எங்க கிடக்குதோ.

— நீ அழலையா?

— நான் அன்னிக்கே அழுதாச்சு. தனியா. இன்னிக்கு உங்க முறை. மூக்கையும் சிந்துங்க, பரவாயில்ல.

— இதெல்லாம் மைக்ல பதிவாயிடுச்சு.

— வெட்டிடாதீங்க. தனியா எடுத்து வைங்க. … நேத்து மேனேஜருக்கு நானே போன் பண்ணினேன். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சரின்னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன்.

— யோசிச்சுச் சொல்றேன்னதா சொன்னே.

— முதல்ல அப்படித்தான் சொன்னேன். அப்புறம் யோசிச்சேன், சொல்லிட்டேன்.

— அப்போ இதுதான் கடைசி. இனிமே நீ வர மாட்டே.

— இங்க வர மாட்டேன். இங்க அவளே பேசட்டும். வீட்டுல குறுக்கே பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமே? என் பெட்டியைக் கீழ டிக்கெட் குடுக்கிற அக்காகிட்ட விட்டுட்டுத்தான் மேல வந்தேன். நீங்க இன்னிக்கும் வாய் திறக்கலன்னா, அதை அப்படியே தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ல அண்ணன் வீட்டுக்கே போயிடறதா இருந்தேன். சீக்கிரம் காட்சியை முடிச்சிட்டு வந்து தூக்குங்க, கனமா இருக்கு.