ராசாளி படத்தோட பின்பக்கம்

அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்குக் கால் ஒண்ணு ஆடும். இப்படி ஜன்னல் பக்கமா வந்துடுங்க. இங்கதான் வெளிச்சம் நல்லா விழும், படம் பாக்கறதுன்னா அவரும் இங்கதான் உக்காருவாரு. பைய கீழ வெச்சிக்கோங்க. போளூர்ல பஸ் ஏறி அத்தினி வளைவும் வாந்தி எடுக்காம வந்து சேந்தீங்களே, அதுவே பெருசு. ரயில்வேல பெரிய உத்தியோகம் பாத்தவரு, இந்த வயசுல மெட்ராஸ்ல இருந்து ஒரு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வூட்டத் தேடிகினு மலை ஏறி வந்திருக்கீங்க.

எங்க வூட்டுக்காரரா? அவரு இப்ப வரமாட்டாருங்க. வூட்ல இருந்தாக்கூட உங்க எதிர்ல வந்து உக்காருற ஆளு இல்ல. கதவுக்குப் பின்னால நின்னுகினு, நீ போய் இன்னா சொல்றாருன்னு கேட்டுகினு வான்னு என்னத்தான் தள்ளுவாரு. உங்ககிட்ட அவ்ளோ பயம்.

இன்னாடி செல்லி அப்டிப் பாக்கற? போய் காபித் தண்ணி கொதிச்சிச்சான்னு பாரு. பக்கத்து வூட்டுப் பொண்ணு சார், மலைக்காரங்க. காலையில இருந்து என் மூஞ்சியவே பாத்துகினு கீறா.

அந்த ஆணியா? அங்க ஒரு படம் மாட்டியிருந்திச்சி. காலையிலதான் எறக்கி உள்ள வெச்சேன். பறவைப் படம் இல்லீங்க. அத விடுங்க.

அவரு படத்த எக்ஸிபிஷன்ல வெக்கலாம்னு நீங்க கார்டுல எழுதியிருந்த சங்கதிய அப்பால பேசலாம் சார். அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஒரு படம் வெச்சிருக்கேன், உங்களுக்கு அனுப்பாத படம். அதப் பாத்து உள்ளது உள்ளபடி சொல்லணும். எப்பவும் படத்தோட பின்பக்கத்துல பென்சில்ல எழுதித் திருப்பி அனுப்புவீங்களே, அந்த மாதிரி. பொம்பள கேக்கறா, வந்த எடத்துல காபி குடிச்சிட்டோம்னு தயவு தாட்சண்யம் பாக்கக் கூடாது. வாங்கன்னு நான் பதில் போட்டதே அதுக்குத்தான்.

ஆமாங்க, கடுதாசி அல்லாம் என் கையெழுத்துதான், மொதல்ல இருந்தே. அவரு எழுதினா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும், அவராலயே படிக்க முடியாது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன்.

எழுபத்தெட்டுல செங்கத்துல இருந்து எங்கள இங்க மாத்தினாங்க. ஊர் ஊரா நடந்து போயி மாட்டுக்கு ஊசி போடற வேலை. மாட்டப் பாருய்யான்னு சர்க்கார் அனுப்பினா இவரு மரத்தப் பாத்துகினு வருவாரு. போளூர்ல ஸ்டூடியோ வெச்சிருக்கற வேடியப்பன்கிட்ட ஒரு பழைய காமிரா வாங்கினாரு. உங்க அட்ரஸக் குடுத்ததும் அந்த வேடியப்பன்தான். மெட்ராஸ்ல ஒருத்தரு கீறாரு, பறவைப் படம் அனுப்பினா பாத்து சொல்லுவாரு, ஆனா வாய் கொஞ்சம் பொல்லாததுன்னாரு. சிரிக்கிறீங்க. மெய்யாலுமே அப்டித்தான் சொன்னாரு.

மொத படம் கொண்டலாத்தி. பின்னால நீங்க எழுதினது எனக்கு இன்னும் மனப்பாடம். மரம் நன்றாக வந்திருக்கிறது, இந்தப் பறவை எதற்குக் குறுக்கே வந்தது? அன்னிக்கி ராத்திரி அவரு சாப்பிடல. மறுநாளு பல்லு வெளக்கிகினு இருக்கறப்ப திடீர்னு சிரிச்சாரு. மரம் நல்லாத்தாண்டி வந்திருக்குதுன்னாரு.

உங்க கவர அவரு கையால பிரிக்க மாட்டாரு சார். எந்த முட்டுற மாட்டுக்கும் பயப்படாத ஆளு, உங்க கவருக்குப் பயப்படுவாரு. நான்தான் பிரிச்சிப் படிப்பேன். அவரு செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துகினு கேப்பாரு. இங்க ஆபீசருங்க, வாத்தியாருங்க, கடைக்காரரு, அல்லாரும் பிரமாதம்னுவாங்க. பிரமாதம்னு சொல்றவன் படத்த முழுசாப் பாக்கறதே இல்லடி, திட்டறதுக்குத்தான் உத்துப் பாக்கணும், அந்த மனுசன் பாக்கறாருன்னு சொல்லுவாரு.

தையல்சிட்டுக் கூடு ஒண்ணு அனுப்பினமே, ஞாபகம் கீதா? கூட்ட மறைச்ச எலையெல்லாம் ஒடச்சிட்டு எடுத்தாரு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. குஞ்சுகள் வெயிலில் காயும், இப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அனுப்ப வேண்டாம்னு எழுதினீங்க. நான் படிச்சி முடிக்கறதுக்குள்ள எழுந்து போய்ட்டாரு. வேற கெளைய வெட்டினு போயி அந்தக் கூட்டுக்கு நெழல் கட்டிட்டு வந்தாரு. அதுல இருந்து எந்தக் கூட்டுக்கும் கிட்ட போனதில்ல. தள்ளி ஒரு மறைப்பு, சாக்கும் தழையும் வெச்சி, அதுக்குள்ள உக்காந்துதான் எடுப்பாரு.

அந்த மறைப்புலதான் எனக்கு வேல. தெரியுங்களா? உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தரு மட்டும் போயி உள்ள பூந்தாக்கா, ஆளு உள்ள கீறான்னு பறவை வராது. ரெண்டு பேரு போவணும். ஒருத்தரு உள்ள உக்காரணும், இன்னொருத்தரு திரும்பி நடந்து வரணும். பறவைக்கு எண்ணத் தெரியாதில்ல, வந்தவங்க போய்ட்டாங்கன்னு நெனச்சிக்கும். திரும்பி வர்றவங்க சொம்மா வரக்கூடாது, சத்தமா பேசிகினே வரணும், போறது அதுக்குக் கேக்கணும். நான் வெலவாசி, மாமியாரு, மழைன்னு வாய்க்கு வந்ததப் பேசிகினே வருவேன். மலைக்காரங்க மொதல்ல எனக்குப் பைத்தியம்னுதான் நெனச்சாங்க. இப்ப செல்லி வர்றா.

காபி எடுத்துக்கோங்க. சக்கரை போதுங்களா? கம்மியா? செல்லி, சக்கரை டப்பாவ எட்தாடி. எனக்கு இப்பல்லாம் நாக்குல ருசியே தெரியறதில்ல சார். உப்பு போட்டா போட்டது, போடலன்னா போடாதது.

கண்ணு விசயத்துலதான் நீங்க விடவே மாட்டீங்க. பறவையோட கண்ணுல ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கணும், அது இல்லாட்டி செத்த பறவைக்கும் உசுரோட இருக்கற பறவைக்கும் படத்துல வித்தியாசம் இல்லன்னு எத்தினி வாட்டி எழுதியிருப்பீங்க. கவர் வந்தா மொதல்ல, கண்ணப் பத்தி இன்னா சொல்றாருன்னுதான் கேப்பாரு. கண்ணு இல்லன்னு எழுதியிருக்காருன்னா போச்சி. மாட்டு முன்னால போயி நின்னு அது கண்ணுல புள்ளி எங்க விழுது, எந்தப் பக்கம் திரும்பினா விழுதுன்னு பாத்துகினு இருப்பாரு. ஊசி போட வந்தவரு இன்னாத்துக்கு மாட்ட மொறைக்கறாருன்னு மாட்டுக்காரனுக்கு பேஜாரா பூடும்.

அதத்தான் நானும் சொல்ல வந்தேன். இப்ப கொஞ்ச காலமா வர்ற படமெல்லாம் கண்ணு உசுரா கீதுன்னு எழுதியிருக்கீங்க. போன கார்டுல, முன்பெல்லாம் அவசரப்பட்டீர், இப்போது காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர், வேறு ஆள் எடுத்தது போல் இருக்கிறதுன்னு. படிச்சேன். காத்துகினு இருக்கறது இன்னா பெரிய வித்தை சார். திரும்பி வூட்டுக்கு வரணும்னு அவசரம் இல்லன்னா, யாரும் எவ்ளோ நேரமும் காத்துகினு இருக்கலாம்.

சரி, படத்த எடுக்கறேன். அதுக்கு முன்னால இது எதுன்னு சொல்லிடறேன். ராசாளி. ஓடைக்கு மேல செங்குத்தா ஒரு பாறை கீது, அது இடுக்குல கூடு வெச்சிருந்திச்சி. எதிர்ப்பாறையில மறைப்பு கட்டி மொதல்ல சிலது எடுத்து அனுப்பினாரு. நீங்க, மூஞ்சி இருட்டடிக்கிறது, வெயில் முதுகில் விழுகிறது, கொஞ்சம் கிழக்கே தள்ளி உட்கார்ந்து பாரும்னு எழுதினீங்க. ஆமாங்க, அந்த ராசாளிதான். நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்களே. அதுக்கப்புறம் ராசாளி வரவே இல்லியேன்னு நெனச்சீங்களா? வந்திச்சி. ஒண்ணு. தோ.

வெளிச்சத்துக்கு நேரா புடிச்சிப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. அவசரம் இல்ல.

சொல்லுங்க.

காமிரா ஆட்டம்ன்றீங்களா?

ஆமா, பாறை கோடு கோடா இஸ்துகினு போவுது, எனக்கும் தெரிஞ்சிச்சி. சாய்ஞ்சும் கீதா. ரெக்கை? பாதி படத்துக்கு வெளிய. கண்ணு இன்னா சார், கண்ணு? எங்கியாச்சும் ஒரு புள்ளி, தேடிப் பாத்தாலும்? இல்லியா. ரெக்கை மறைச்சிகினு கீது. தலை எதுன்னே தெரியலியா.

மெய்யாலுமா? கொஞ்சங்கூட தேறாதா?

சரிங்க. வெக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, கிழிச்சிப் போட்டுடலாம்ன்றீங்க. அவரு இத அனுப்பாதது நல்லதுன்றீங்க. சரி சார். நானும் அப்டித்தான் நெனச்சேன். எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல, அதான் கேட்டேன். காபி ஆறுது, குடிச்சிடுங்க.

ஆட்டம் எதனாலன்னு கேட்டீங்களே. கால் வழுக்கிச்சி சார். பட்டன அமுக்கறப்ப வழுக்கிச்சா, வழுக்கறப்ப கை தானா அமுக்கிச்சான்னு யாருக்குத் தெரியும். மொதநாளு தூறல் போட்டு பாறை பாசியா இருந்திச்சி. நீங்க சொன்ன எடம்தான், மறைப்ப கெழக்கு ஓரமா தள்ளிக் கட்டியிருந்தோம். உங்க மேல தப்பு இல்லீங்க, எடம் சரியான எடம். அப்பால நானே போயி நின்னு பாத்தேன், வெயிலு அங்க இருந்துதான் அது மூஞ்சில விழுது. அன்னிக்கும் எப்பவும் போல ரெண்டு பேரு போனோம். அவர உள்ள உட்டுட்டு நான் சத்தமா பேசிகினே திரும்பி வந்துகினு இருந்தேன். சாமைக்கு வந்த நோயப் பத்தின்னு நெனைக்கிறேன். பேசிகினு இருந்ததால எனக்கு ஒண்ணும் கேக்கல.

காமிரா மட்டும் புதர்ல மாட்டிகினு தொங்கிச்சி. வேடியப்பன் ரோல கழுவினாரு, கடைசியில இது ஒண்ணு இருந்திச்சி. லென்ஸ் மட்டும் வேற மாத்திக் குடுத்தாரு.

உக்காருங்க சார், எதுக்கு எழுந்திருக்கறீங்க. இந்தப் பொட்டு செல்லிகிட்ட வாங்கி காலையில வெச்சது. கழுத்து தெரியக் கூடாதுன்னு முந்தானைய இப்டி இஸ்து மூடிகினு கீறேன். அதுக்குத்தான் அவ அப்டிப் பாக்கறா. பாவம்க்கா, வேணாம்க்கான்னா. ஆணியில இருந்தது அவரு படம், மாலையோட. இதெல்லாம் நீங்க உள்ள வந்ததும் பாத்திருந்தா படத்தப் பத்தி உண்மை சொல்லியிருப்பீங்களா? மனசு எரங்கிடும். எரக்கப்பட்டு நல்லாருக்குன்னு சொல்ல எனக்கு ஊரே கீது சார். எழவுக்கு வந்தவங்க அல்லாரும் அதத்தான் சொன்னாங்க. எத்தினி அழகா படம் எடுப்பாருன்னு. உயிரக் குடுத்து எடுத்த படம் எப்டி வந்திருக்குதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. அவரு இருந்தா மொதல்ல அதத்தான் கேட்டிருப்பாரு.

ஆமாங்க, அப்பால வந்ததெல்லாம் நான் எடுத்தது. உங்கள ஏமாத்தணும்னு இல்ல. காரியம் முடிஞ்ச வாரம் உங்க கவர் வந்திச்சி, அதுக்கு முன்னால அனுப்பின படத்துக்கு. தபால்காரரு வாசல்ல நின்னு, கம்பவுண்டர் கோபால்சாமின்னு கூப்பிட்டாரு. அவரு போனது தெரிஞ்சுதான் கூப்பிட்டாரு, கவர் மேல கீற பேரக் கூப்பிடறது தபால்காரரு வழக்கம். அந்தப் பேர இந்த ஊர்ல இப்ப யாரும் கூப்பிடறதில்ல சார். நானும் கூப்பிட முடியாது. படம் அனுப்பினாத்தானே கவர் வரும்.

அழுவாதீங்க. எனக்கு அழுகை வர்றதில்ல, அதனால எதிர்ல யாருனா அழுதா இன்னா பண்றதுன்னு தெரியல. செல்லி, தண்ணி எட்தா.

இன்னாத்துக்கு அத மறுபடியும் வெளிச்சத்துல புடிக்கறீங்க? ரெக்கையா? வேகம் தெரியுதா? இப்பத் தெரியுதா உங்களுக்கு?

வேணாம் சார். கீழ வெச்சிடுங்க. தோ பென்சிலு. பின்பக்கம் வெறுமையாத்தான் கீது. எப்பவும் போல மேல அவரு பேரப் போட்டு, மொதல்ல இன்னா சொன்னீங்களோ அதையே எழுதுங்க. இப்ப தெரிஞ்சிபோச்சின்னு மாத்தி எழுதிடாதீங்க.