இரண்டு துளை வைத்த பெட்டி

சின்னக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு வீட்டின் நெட்டைத் தூரத்தில் இருந்துகொண்டு சரிசெய்வதற்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்தவை வேறு. உள்ளே மின்விசிறி இருக்கக் கூடாது. இருந்தால் தூசு சேர்ந்து ஒரு வருடத்தில் முனக ஆரம்பிக்கும், அங்கே ஒன்று இருக்கிறது என்று வீட்டாருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே எழுந்து நிற்க வேண்டும். நினைவு அட்டையில் ஓடுவது ஆகாது, நாலு முறை கரண்ட் போனால் அட்டை செத்துவிடும். முக்கியமாக, அது தானாக என்னைக் கூப்பிட வேண்டும். வீட்டு நெட் வெளியாட்களை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிட்டால்தான் போக முடியும்.

இவ்வளவு விவரம் நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் ‘ஏதோ ஒரு டப்பா’ என்று எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பதினேழு நாள் தேடித் தேர்ந்தெடுத்தது அது. உள்ளங்கையில் அடங்கும். கறுப்பு. பின்னால் ஒயர் செருக இரண்டு துளைகள்.

வீட்டு நெட் பழுதுகளை ஃபோனிலேயே தீர்த்துவைக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு முப்பது வீடுகளுக்குள் போய் வருவேன். எரிச்சலோடு ஆரம்பிப்பவர்கள் வைக்கும்போது, ‘நல்லா இருங்கம்மா’ என்பார்கள். நல்லாத்தான் இருந்தேன்.

எனக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்றால் நான் மட்டும்தான். அவளுக்கு ஆறு வயதில் அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு இருபது வருடம் நானும் அவளும் ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்தவர்கள். கல்யாணமாகி ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்துக்குப் போனாள். முதல் வருடம் தினமும் கூப்பிட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு, ‘சாப்பிட்டியாம்மா, சரி வைக்கிறேன்’ என்பதோடு சரி. நான் குறை சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

அவர்கள் வீடு சரிவில் கட்டியது. தெரு மேலே, வீடு கீழே. கேட்டைத் திறந்து பதினான்கு படி இறங்க வேண்டும், படிகள் பாதியில் ஒரு முறை திரும்பும். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஃபோனில் பேசுவதென்றால்கூட வீட்டு நெட் வழியாகத்தான் பேச முடியும். நெட் போய்விட்டால் படியேறித் தெருவுக்கு வந்துதான் யாரையும் கூப்பிடலாம்.

ஒரு நாள் அப்படி நெட் போனது. பாப்பா மேல்படிக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும், எந்த விளக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல, அவள் கீழே ஓடிப்போய்ச் செய்துவிட்டு மேலே ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள். நாற்பது நிமிடம். அதில் நாலு முறை சிரித்தாள். வைக்கும்போது, “நீ இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்” என்றாள். ஃபோனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. காய்ந்த துணியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஏதோ உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாளே கம்ப்யூட்டர் தேட ஆரம்பித்தேன்.

ஏன் இரண்டு துளை என்று கேட்டீர்கள். இந்த வேலை தெரிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும், அதனால் உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. பழுது பார்க்க ஒரு துளை போதும். ஒரு துளைப் பெட்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். இரண்டு துளைப் பெட்டியின் ஒரு பக்கம் தெரு ஒயர் நுழையும், மறு பக்கம் வீட்டு ஒயர் கிளம்பும். வீட்டுக்குப் போவதெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வீட்டு நெட்டை நிறுத்தினாலும் எனக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுபடாது. வாங்கும்போதே தெரிந்துதான் வாங்கினேன். அன்று கேட்டிருந்தால், பின்னால் உதவும் என்று சொல்லியிருப்பேன்.

நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர், வாய் ஓயாமல் கிண்டல் பேசுவார். “அத்தை, இதுக்கும் ஒரு தட்டு வெச்சிடலாமா? வீட்ல ஒரு ஆள் கூடிருச்சே” என்றார். நானும்தான் சிரித்தேன்.

முதல் முறை தற்செயல். பெட்டியில் ஏதோ புதுப்பிக்கும்போது மூன்று நிமிடம் நெட் நின்றுபோனது. ஐந்தாவது நிமிடம் என் ஃபோன் அடித்தது. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு இரண்டு முறை.

“அம்மா, மறுபடியும் போச்சும்மா. உன் கை பட்டாத்தான் இது அடங்கும் போல.”

“இருடி, பாக்கறேன். படியிலயா நிக்கறே? வெயிலடிக்குதா?”

“வெயிலாவது ஒண்ணாவது. சீக்கிரம் பாரும்மா, டாக்டர் பேசினது பாதியில நிக்குது.”

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. நான் உடனே சரிசெய்துவிட மாட்டேன். எப்போது என்ன நடந்தது என்று பெட்டி குறித்துவைக்கும் பதிவை எப்படிப் படிப்பது, எந்த வரி எதைச் சொல்கிறது என்று கற்றுக்கொடுப்பேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நாலு மாதத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று ரொம்ப அழுதாள், ஒரு மணி நேரம் என்னிடம்தான் அழுதாள். ஆனால் அடுத்த மாதமே கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலைக்குப் போய்விட்டாள். பகலெல்லாம் வீட்டில் இல்லை. இதை நான் யோசித்திருக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு மூச்சிழுப்பு உண்டு. பாலிஷ் வாடை ஒத்துக்கொள்ளாமல் அதிகமாகி, இரண்டு மாதம் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற ஆளுக்கு எல்லாம் கண்ணில் படும். “அத்தை, உங்க பொட்டிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் மேட்ச் பாக்க உக்காந்தாப் போதும், என்னை மாதிரியே மூச்சு நின்னுடுது” என்று முதலில் கிண்டல் செய்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கிண்டல் இல்லாமல் கூப்பிட்டார்.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. வியாழக்கிழமை பதினொண்ணேகாலுக்கு நெட் கம்பெனி ஆள் வர்றாரு. பொட்டியக் கழட்டிட்டு நேராப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கும் எத்தனை நாளைக்குத்தான் தொந்தரவு.”

“தொந்தரவுன்னு யாரு சொன்னா?”

“நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நாங்களே சொல்றோம்.”

அந்த ‘நாங்களே’யை இரண்டு நாள் வாயில் வைத்துப் பார்த்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பாப்பா அதற்குள் இருந்தாள்.

வீடு வீடாகப் போகிற ஆட்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை ஃபோன் செய்வார்கள். எடுக்காவிட்டால் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுபடி வரப் பத்து நாள் ஆகும். அவர்கள் கேட்டில் மணி கிடையாது. கீழே ஃபோன் அடிக்காவிட்டால் யாரும் ஏறிவந்து திறக்கப் போவதில்லை.

வியாழன் காலை பதினொன்று பத்துக்கு நிறுத்தினேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஃபோன் வெளியே போக முயலும் ஒவ்வொரு முறையும் என் திரையில் ஒரு வரி விழும். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியாது, கதவைத் தட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். பதினொன்று பதினான்குக்கு ஒன்று. நெட் ஆளைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பதினேழுக்கு இன்னொன்று. பதினொன்று இருபத்திரண்டில், அந்த ஒரே நிமிடத்தில் நாலு வரி விழுந்தது. அடுத்த நிமிடத்தில் ஆறு.

ஆள் வரவில்லையே என்று கேட்க நினைப்பவர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை கூப்பிட மாட்டார். பதினோரு வருடம் இந்த வரிகளைப் படித்தவள் நான். சலிப்பு எப்படித் தட்டும், கோபம் எப்படித் தட்டும் என்று தெரியும். இது அதெல்லாம் இல்லை. அவருக்கு இழுப்பு வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

திறந்துவிட ஒரே ஒரு கட்டளை போதும். அதை அடித்தும் வைத்துவிட்டேன். கடைசி விசையை அழுத்தவில்லை. பதினொன்றேகாலுக்கு வந்திருந்தால் நெட் ஆள் பதினொன்றரை வரை கேட்டில் நிற்பார். இப்போது திறந்தால் அந்த ஆளின் அழைப்பும் உள்ளே போய்விடும். ஏழு நிமிடம்தானே என்று நினைத்தேன். மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஒரு வரி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. நாற்பதுக்குத் திறந்துவிட்டேன். அந்த ஒன்பது நிமிடம் எதற்காகக் காத்திருந்தாய் என்பீர்கள். நெட் ஆள் போய்விட்டாரா என்று உறுதிசெய்துகொள்ளத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டவர் தேடித் தெருவுக்கு ஏறியிருக்கிறார் மாப்பிள்ளை. மேலிருந்து ஒன்பதாவது படியில் மூச்சு அடங்கிக் கிடந்தார். திருப்பத்துக்குக் கீழே, அதனால் கேட்டில் நின்றவருக்குத் தெரிந்திருக்காது. ஒன்றரை மணிக்குப் பாப்பா வந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் என்னைத்தான் கூப்பிட்டாள். “அம்மா” என்றாள். பிறகு ஃபோனை வைக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது, யார் யாரோ பேசினார்கள், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்குச் செய்த அழைப்புகளிலேயே நீளமானது அதுதான்.

அவளை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். இருபத்தாறு நாள் என்னோடு இருந்தாள். சோறு பிசைந்து ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன். பிறகு அந்த வீட்டைக் காலிசெய்யப் போனாள். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். தங்கள் சாமான்களைத் திரும்ப எடுக்க நெட் ஆள் வந்திருக்கிறார். “மேடம், அன்னைக்கே வந்து மூணு தடவ போன் போட்டேன். எங்க லைன்ல கோளாறே இல்ல. நடுவுல இந்தப் பொட்டிதான் நிறுத்தியிருக்கு” என்று சொன்னாராம். அவள் உட்கார்ந்து பதிவைப் படித்திருக்கிறாள். நான் கொடுத்த ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு அதில் இருந்தது. அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பதிவு வைக்காமல் வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

ஆமாம். நிறுத்தியது நான். அவர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று தெரிந்தும் திறக்காமல் இருந்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பெட்டியை அவளே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள் என்கிறீர்கள். இருக்கலாம். பயந்து போயிருப்பாள், பாவம், தனியாக முடிவெடுத்துப் பழக்கமில்லாதவள். என்னிடமிருந்து வாங்கிய ஃபோன் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் கூட்டி வையுங்கள். எப்படியும் இன்று கூப்பிடுவாள். அடுத்து என்ன செய்வதென்று கேட்க அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?